தொப்பியில்லாத காப்பித்தூள்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை காப்பித்தூள் வாங்கப் புறப்பட்ட நான், மத்தியானம் மலாயா நாட்டுப் பிரஜையாக வீடு திரும்பினேன். முழுப் பிரஜை என்று சொல்ல முடியாது. முக்கால் பிரஜை, மிச்சக் கால் தபாலில் வருமாம். காப்பித்தூள் மட்டும் கால் பங்குகூடக் கிடைக்கவில்லை.

நான் இதை எழுத உட்கார்ந்ததும் என் மனைவி தனம் பின்னால் வந்து நின்று, "இதப் போயி சிரிப்பா எழுதாதீங்க, ஊர்ல நாலு பேரு படிப்பாங்க" என்றாள். இதை வேறு எப்படி எழுதுவது என்று அவளே சொல்லட்டும். சொல்ல மாட்டாள், சமையலறைக்குப் போய்விட்டாள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அறந்தாங்கியிலிருந்து இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகிறது. மலாக்கா பட்டணத்தில் காஜா பேராங் என்ற பகுதியில் குடியிருக்கிறேன். மலாய் மொழியில் அதற்குக் 'கோபம் கொண்ட யானை' என்று பொருள். பன்னிரண்டு வருடத்தில் இங்கே யானையைப் பார்த்ததில்லை. கோபத்தை மட்டும் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் என் வீட்டில்தான். வேலை ஒரு பஸ் கம்பெனியில் கிராணி. நம் ஊரில் குமாஸ்தா என்பதை இங்கே கிராணி என்பார்கள். பெயர்தான் வேறே தவிர, திட்டு வாங்குவதில் வித்தியாசம் ஒன்றுமில்லை.

எங்கள் தெரு முனையில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. பலகையில் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் 'மலிவு' என்ற ஒரே சொல்தான் எழுதியிருக்கும். கடைக்கு வேறு பெயர் கிடையாது. முதலாளி ராவுத்தர், இராமநாதபுரம் பக்கத்துக்காரர். பெரிய கம்பெனிகளின் சாமான்களை மேல் தட்டில், ஏணி போட்டால் மட்டும் எட்டுகிற உயரத்தில் வைத்திருப்பார். யாராவது கேட்டால் ஏணியைத் தேடுவார். ஏணி கிடைக்காது. கீழ்த் தட்டில், கை நீட்டினால் கிடைக்கிற இடத்தில், அவருடைய சொந்தச் சரக்கு: காப்பித்தூள், மிளகாய்த்தூள், சவுக்காரம், ஊதுபத்தி. கம்பெனிச் சாமானைவிட விலை குறைவு. எல்லாவற்றின் மேலும் ஒரே லேபிள் ஒட்டியிருக்கும். அதில் ஒரு கறுப்புத் தொப்பி.

தொப்பிக்குக் கீழே முகம் இருந்திருக்க வேண்டும். ராவுத்தர் தன் படத்தையே லேபிளில் போட ஆசைப்பட்டு, பலகை எழுதும் ஒரு சீனரிடம் வரையச் சொல்லியிருக்கிறார். தொப்பி தத்ரூபமாக வந்துவிட்டது. முகம் மட்டும் ராவுத்தரின் பெரிய மைத்துனர் மாதிரி வந்துவிட்டதாம். மைத்துனரோடு அப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே முகத்தை வெட்டி எறிந்துவிட்டு, தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டார். மார்க் என்பதை இங்கே சாப்பு என்பார்கள். அப்படிப் பிறந்ததுதான் தொப்பி சாப்பு.

2

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அன்று பள்ளிக்கூட வராந்தாவில் ஊமை மாதிரி நின்றேன் என்பது உங்களுக்குப் புரியாது.

அறந்தாங்கியில் என் அண்ணன் இருக்கிறார். நான் கப்பலேறும்போது அவரிடம் "அஞ்சே வருஷம், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து முடிந்ததும் "இன்னும் இரண்டு" என்று எழுதினேன். அந்த இரண்டு முடிவதற்குள் அண்ணன் வீட்டின் மேற்குப் பக்கத்தில் எங்களுக்கென்று ஓர் அறை கட்டத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு கடிதத்திலும் அறை கொஞ்சம் வளரும். அஸ்திவாரம் போட்டாயிற்று, சுவர் இடுப்பளவு வந்தாயிற்று, நிலை வைத்தாயிற்று. போன கடிதத்தில் ஜன்னலுக்குப் பச்சை வர்ணம் அடிக்கட்டுமா, நீலம் அடிக்கட்டுமா என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி: "வருகிறாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது."

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. வர்ணத்தைப் பற்றிக்கூட எழுதவில்லை.

இங்கேயோ சுதந்திரம் வந்த கையோடு பிரஜா உரிமைப் பதிவு தொடங்கிவிட்டது. இப்போது பதிந்துகொண்டால் மலாய்ப் பரீட்சை கிடையாது, தாமதித்தால் பரீட்சை உண்டு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என் மலாய் பரீட்சைக்குத் தாங்காது. ஒருமுறை பஸ் நிலையத்தில் ஒரு மலாய்க்கார அம்மாளிடம், இந்த பஸ் இறந்துவிட்டது, தயவுசெய்து அடுத்த பஸ்ஸைச் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாள் மிக மரியாதையாக, தான் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

ஆனால் பரீட்சைக்குப் பயந்து பதிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. பதிந்தால் பழைய நாட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியத்தைச் செய்துவிட்டு ஜன்னலுக்குப் பச்சை அடியுங்கள் என்று எந்த முகத்தோடு எழுதுவது? அண்ணனும் சர்க்காரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நான் இரண்டு பேருக்கும் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தேன். தனத்தைக் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம். ஊருக்கே போய்விடலாம் என்பாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஒரே மகள் கமலாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பத்து வயது. மலாக்காவிலேயே பிறந்தவள் என்பதால் யாரையும் கேட்காமலே பிரஜையாகிவிட்டாள். அடுத்த வீட்டு மாச்சிக் மீனாட்சிதான் அவளுக்கு இரண்டாவது தாய். மாச்சிக் என்றால் இங்கே அத்தை, சித்தி என்கிற மாதிரி. அந்த அம்மாளுடைய முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பெயர் நம் பெயர், கும்பிடுவது நம் சாமி, கட்டுவது சாரோங், பேசுவது மலாய். தமிழில் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். மாரியம்மனிடம் மலாயில்தான் வேண்டிக்கொள்வார். என் மகளும் இப்படி ஆகிவிடுவாளே என்று முதலில் பயந்தேன். பிறகு பார்த்தேன். அந்த அம்மாள் வேண்டிக்கொண்டதெல்லாம் நடக்கிறது. நான் சுத்தத் தமிழில் வேண்டிக்கொண்டது ஒன்றும் நடக்கவில்லை.

3

தொப்பிக்குப் பஞ்சம் வந்தது சுதந்திரத்தால்தான். சிரிக்காதீர்கள், உண்மை. ராவுத்தருக்கு லேபிள் அடித்துக் கொடுக்கும் அச்சாபீஸுக்கு இராப்பகலாகச் சர்க்கார் வேலை வந்துவிட்டது. விண்ணப்பப் பாரம், நோட்டீஸ், மறுபடியும் பாரம். தொப்பிக்கு மிஷின் ஒழியவில்லை. முதலில் ஊதுபத்தி நின்றது. அடுத்து சவுக்காரம், அதற்கடுத்து மிளகாய்த்தூள். ஒருநாள் காப்பித்தூளும் நின்றது.

நான் கடைக்குப் போனேன். ராவுத்தருக்குப் பின்னால் ஒரு சாக்கு நிறையக் காப்பித்தூள், வாய் திறந்தபடி, தெருவெல்லாம் மணக்க நிற்கிறது.

"பாய், அந்தா சாக்கு நெறையத் தூள் இருக்குதே?"

"இருக்கு தம்பி."

"அப்ப ஒரு பாக்கெட் குடுங்க."

"தொப்பி இல்லயே தம்பி."

"தொப்பியவா கரைச்சுக் குடிக்கப் போறோம்?"

"தொப்பி வச்சாத்தான் அது ராவுத்தர் தூளு. வைக்கலேன்னா சாக்குத் தூளு. நாளைக்கு எவனாச்சும் வயித்து வலின்னு வந்து நின்னா, அது என் தூளா, அடுத்தவன் தூளான்னு நான் எத வச்சுச் சொல்லுவேன்?"

"பாய், நான்தான் வாங்குறேன், எனக்கு வயித்து வலி வராது."

"அதத் தொப்பி சொல்லணும் தம்பி. நீங்க சொல்லக் கூடாது."

கெஞ்சிக் கூத்தாடி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, பழைய செய்தித்தாளில் ஒரு பொட்டலம் கட்டி வாங்கி வந்தேன். தனம் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது என்னங்க, உசுரில்லாத தூளு?"

"அதே சாக்குடி. என் கண்ணு முன்னாடி அள்ளுனாரு."

"என் நாக்குக்குத் தெரியாதா?"

மறுநாள் ஒரு தந்திரம் செய்தேன். குப்பைக்குப் போக இருந்த காலி தொப்பிப் பாக்கெட்டைத் துடைத்து, பொட்டலத்தில் இருந்த மிச்சத் தூளை அதில் கொட்டி, "பாய் எனக்குன்னு ஒண்ணு ஒளிச்சு வச்சிருந்தாரு" என்று நீட்டினேன். தனம் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஆ, இதுல்ல காப்பி!" என்று இரண்டாவது டம்ளரும் குடித்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது, வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த கமலா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அப்பாதான் பழைய பாக்கெட்டுல கொட்டுனாரு, பார்த்தேன்லா."

அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் தனத்தின் மரியாதைக்குக் குறைவு. என் மரியாதைக்கு அதைவிடக் குறைவு. பதினோரு நாள் எங்கள் வீட்டில் காப்பி போடவில்லை. காலையில் எனக்கு வெந்நீர் வந்தது. வெறும் வெந்நீர், டம்ளரும் வட்டாவுமாக, ஆற்றி.

4

சனிக்கிழமை செய்தி வந்தது. அச்சாபீஸில் மிச்சக் காகிதத்தில் அறுபது தொப்பி அடித்துக் கொடுத்துவிட்டார்களாம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு விற்பனை. முண்டியடிக்கக் கூடாது என்பதற்காக ராவுத்தர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஐ.சி. என்கிற அடையாளக் கார்டைக் காட்டினால் ஆளுக்கு ஒரு பாக்கெட். சர்க்காரைப் பார்த்து எல்லோருக்கும் பாரம், கார்டு, முத்திரை என்று ஒரு மோகம் பிடித்திருக்கிற சமயம் இது.

ஏழரைக்கே போய்விட்டேன். கமலாவும் வந்தாள். எனக்கு முன்னால் பத்துப் பேர். எனக்கு நேர் முன்னால் நின்றவர் லாரி டிரைவர் முனியாண்டி. எந்த விஷயத்தையும் அடித்துச் சொல்லக்கூடியவர். கடையை ஒட்டினாற்போல் ஒரு பள்ளிக்கூடம். அதன் வராந்தாவில் அன்று பிரஜா உரிமைப் பதிவு. அங்கேயும் ஒரு வரிசை நின்றது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால்தானே யோசிக்க வேண்டும்?

எட்டு அடிக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழை நம் ஊர் மழை மாதிரி தூறலில் தொடங்காது. குடத்தைக் கவிழ்த்தாற்போல் வரும். ஆனால் வரிசையை விட்டுவிட்டு ஓடினால் இடம் போய்விடுமே? அங்கேதான் நம் ஆட்களின் மூளை வேலை செய்தது. அவரவர் பையை அவரவர் இடத்தில் வைத்துவிட்டு ஓடினோம்.

இது எனக்குப் புதிதல்ல. யுத்த காலத்தில் அறந்தாங்கியில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றபோது, அண்ணன் ஒரு செங்கல்லில் சுண்ணாம்பால் எங்கள் பெயரை எழுதி வரிசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். எல்லோரும் அப்படித்தான். செங்கல் நகர நகர அடுத்தவர் அதைக் காலால் தள்ளிவிடுவார். ஒருநாள் அண்ணன் குளித்துவிட்டு வருவதற்குள் செங்கல் முதல் இடத்துக்கே வந்துவிட்டது. கடைக்காரன் நியாயஸ்தன். போத்தலில் எண்ணெயை ஊற்றிச் செங்கல்லின் தலையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான். செங்கல்லைவிட நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை என்று அண்ணன் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, பை, கூடை, பால் டின், முனியாண்டியின் ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு எதிரே இருந்த சீனர் காப்பிக் கடையில் ஒதுங்கினோம். பள்ளிக்கூடத்துக் காவல்காரர் ஒரு மலாய்க்காரப் பெரியவர், தங்கமான மனிதர். எங்கள் பைகள் நனைவதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், வரிசை மாறாமல், கொஞ்சமும் பிசகாமல், பள்ளிக்கூட வராந்தாவில் அடுக்கிவிட்டார். அங்கே இருந்த வரிசைக்குப் பின்னால்.

மழை விட்டது. ஓடி வந்தோம். பைகளைக் காணோம். வராந்தாவில் இருந்தன. அவரவர் பைக்குப் பக்கத்தில் அவரவர் போய் நின்றுகொண்டோம்.

"என்ன முனியாண்டி, இங்க நிக்குறோம்?" என்று கேட்டேன்.

"பாய் மழைக்காக இங்க மாத்திட்டாரு, கிராணி. எனக்கு நல்லாத் தெரியும்" என்று அடித்துச் சொன்னார். செருப்பைப் போட்டுக்கொண்டார். அடித்துச் சொல்கிறவரிடம் யார் போய் வாதாடுவது? பதிவுக்காரர்கள் மழைக்குப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போயிருப்பார்கள் என்று நானும் நம்பிக்கொண்டேன்.

5

மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையும் டையுமாக ஒரு மலாய் இளைஞர். பக்கத்தில் முத்திரை, மைப்பெட்டி. மளிகைக் கடைக்காரர் இவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறாரே என்று ராவுத்தர் மேல் எனக்கு மதிப்பு கூடியது. முனியாண்டியை அடுத்த மேசைக்குக் கூப்பிட்டார்கள். என் கார்டை வாங்கிப் பார்த்து இளைஞர் ஏதோ கேட்டார். வேகமான மலாய். கமலாதான் தமிழ்ப்படுத்தினாள்.

"எத்தன வருஷமா இருக்கீங்கன்னு கேக்குறாங்கப்பா."

பழைய வாடிக்கைக்கு முதல் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தேன். "பன்னெண்டு வருஷம். நடுவுல ஒரு நாள் விட்டதில்லைன்னு சொல்லு."

சொன்னாள். அவர் மெச்சித் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"ஜெயிலுக்குப் போயிருக்கீங்களா?"

"இதுக்குமா கேக்குறாங்க? இல்லேன்னு சொல்லு." வாங்கிப் போய்க் கள்ளத்தனமாக விற்கிறவர்களைப் பிடிக்க ஏற்பாடாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

"குடும்பத்துல எத்தன பேரு?"

"மூணு. உங்கம்மா ரெண்டு பேருக்குச் சமம், அதச் சொல்ல வேணாம்."

"இனிமேயும் இங்கயேதான் இருப்பீங்களா, இல்ல விட்டுட்டுப் போயிடுவீங்களான்னு கேக்குறாங்கப்பா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாசார் என்கிற சந்தைப் பக்கம் புதிதாக ஒரு கடை திறந்திருந்தார்கள். பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்கலாமா? "எங்க போறது? இங்கயேதான்! சாகுற வரைக்கும் இங்கயேதான்னு சொல்லு. நல்லா அழுத்திச் சொல்லு!"

கமலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் இரண்டும் அகலமாகிவிட்டது. பிறகு அவர் பக்கம் திரும்பி, நான் சொன்னதைவிட மூன்று மடங்கு நீளமாக மலாயில் சொன்னாள். அந்த இளைஞர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பாக்கெட் தூளுக்குக் கை குலுக்குகிறார்களே என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

"விசுவாசமா இருப்பீங்களா?"

"இருப்பேன்!" என்றேன் உரக்க. அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

போட்டோவைப் பிறகு கொண்டுவந்து கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த மேசையைக் காட்டினார்கள். முனியாண்டி அங்கே இல்லை. அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர், ஏற்கெனவே பிரஜை என்று கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள். அந்த மேசையில் ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். மேலே மலாய், கீழே தமிழ். பாக்கெட் எங்கே என்று தேடிக்கொண்டே வாசித்தேன். வேறெந்த நாட்டின் மேலும் எனக்குள்ள பற்றை இதன் மூலம் துறந்து, என்று இருந்தது. திரும்பவும் வாசித்தேன். அப்படியேதான் இருந்தது.

"கமலா, இது தூள் வரிசை இல்லயா?"

"தூளு பாய் கடையிலதானப்பா."

"அடி பாவி. ஏன் முன்னாடியே சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்லாப்பா. நீங்கதான் சாகுற வரைக்கும் இங்கயேதான்னு சத்தமாச் சொன்னீங்க." உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது அவளுக்கு. "அப்ப அது பொய்யா?"

அட்டையைக் கீழே வைத்துவிட்டு, மன்னிக்க வேண்டும், நான் காப்பித்தூள் வாங்க வந்தவன் என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். நின்றேன். நான் சொன்ன ஒவ்வொரு பதிலையும் மனதுக்குள் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் என்றது உண்மை. குடும்பத்தில் மூன்று பேர் என்றது உண்மை. இங்கேயேதான் இருப்பேன் என்றதை ஒரு நொடிகூட யோசிக்காமல் சொல்லியிருந்தேன். அண்ணனுக்கு எழுத இரண்டு மாதமாக வராத பதில், காப்பித்தூளுக்கு என்று நினைத்தவுடன் கடகடவென்று வந்துவிட்டது. அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

"பொய் இல்லம்மா" என்றேன்.

வலது கையைத் தூக்கினேன். வாசிக்க ஆரம்பித்தேன். 'துறந்து' என்ற சொல் வந்தபோது அண்ணன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வர்ண டப்பாவோடு நிற்பது போல இருந்தது. அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். அதிகாரி, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பரிவோடு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்தேன். கமலா என் இடது கையை விடவே இல்லை.

6

வெளியே வந்தால், ராவுத்தர் கடையில் தொப்பி தீர்ந்துவிட்டது. வாசலில் ஒரு சீனப் பெரியவர் கையில் ஒரு பாக்கெட் காப்பித்தூளோடு குழம்பிப்போய் நின்றுகொண்டிருந்தார். பிரஜா உரிமைக்கு வந்தவர், மழைக்குக் கடையில் ஒதுங்கியிருக்கிறார். கார்டைக் கேட்டிருக்கிறார்கள், காட்டியிருக்கிறார். பாக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள். அதை எங்கே கொண்டுபோய் முத்திரை போட வேண்டும் என்று அவர் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, நீங்க போயி வரிசையில நிக்கலாமா?" என்றார் ராவுத்தர். "உங்களுக்குன்னு ஒண்ணு தனியா எடுத்து வச்சிருந்தேன். ஆளக் காணோம். அந்தப் பெரியவரு பாவம், நனைஞ்சு நின்னாரு, குடுத்துட்டேன்."

"எடுத்து வச்சத முன்னாடியே சொல்லக் கூடாதா பாய்?"

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன் தம்பி."

வீட்டு வாசலில் தனம் நின்றாள். "தூள் எங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கமலா முந்திக்கொண்டாள்.

"அப்பா சத்தியம் பண்ணிட்டாரும்மா!"

"என்ன சத்தியம்? கள்ளுக் கடைக்குப் போனீங்களா?"

உள்ளே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பை, மழை, காவல்காரர், முனியாண்டி, மேசை. "உன்ன ஒரு வார்த்த கேக்காமப் பண்ணிட்டேன் தனம். ஊருக்குப் போகணும்னு நீ எவ்வளவு ஆசப்பட்டிருப்பே" என்று சொல்லும்போது எனக்கே என் மேல் ஆத்திரமாக வந்தது.

தனம் எழுந்தாள். தையல் மிஷின் டிராயரைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் மடியில் போட்டாள். பிரஜா உரிமைக்கு மனுக் கொடுத்ததற்கான ரசீது. அவள் பெயரில், மூன்று வாரத்துக்கு முந்தைய முத்திரையோடு.

"மாச்சிக்கோட கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கு" என்றாள்.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க பச்சையா நீலமான்னு ராத்திரி பகலா யோசிச்சுட்டு இருந்தீங்க. எனக்கு அந்த ரூமுக்கு வர இஷ்டமில்லீங்க. மச்சான் மேல கோவமில்ல. நம்ம புள்ள இங்க இருக்கா. நான் எங்க வர்றது?" சொல்லிக்கொண்டே அழுதாள். அப்புறம் ரசீதையும் என் ஈர வேட்டியையும் பார்த்துவிட்டு, அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். "நானாச்சும் தெரிஞ்சு போனேன். நீங்க தூள் வாங்கப் போயி மாட்டிக்கிட்டீங்களே!"

நானும் சிரித்தேன். கமலா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மாச்சிக்கிடம் சொல்ல ஓடிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் சிரித்தது இங்கே கேட்டது.

சிரித்து முடித்ததும் தனம் கேட்டாள்: "மச்சானுக்கு யாரு எழுதுறது?"

நான் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

7

அண்ணா, நீங்கள் இந்தப் பத்திரிகையை விளம்பரம்கூட விடாமல் படிப்பவர் என்று தெரியும். இந்தப் பக்கத்துக்கும் வந்திருப்பீர்கள். கடிதமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால் நீங்கள் உரக்கத் திட்ட மாட்டீர்கள் என்ற கோழைத்தனத்தில் இதை இங்கே எழுதுகிறேன். சிரிப்பாக எழுதியதும் அந்தக் கோழைத்தனத்தில்தான்.

ஒரே வார்த்தையில் கேட்டீர்கள். இல்லை, அண்ணா.

எனக்காக இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆறு வருடம் சுவர் எழுப்பினீர்கள். முதல் கல் வைத்தபோதே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கே தெரியாது. தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தது என் தப்பு. மன்னித்துவிடுங்கள். அந்த அறையை உங்கள் பெரிய பையனுக்குக் கொடுங்கள், அவனுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. வர்ணத்தையும் அவனே சொல்லட்டும்.

லீவு கிடைத்ததும் மூன்று பேரும் ஊருக்கு வருகிறோம். பன்னிரண்டு வருடமாக "எப்போது வருகிறாய்" என்றே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இந்தத் தடவை, வீட்டுக்கு வருகிற வெளியூர்க்காரர்களைக் கேட்பீர்களே, அது மாதிரி என்னையும் ஒருதரம் கேட்டுவிடுங்கள்: எப்போது திரும்பிப் போகிறாய் என்று. அழாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.